கால்சியம் 480, கேஹெச் 6.4: பஃபர் போட்டாலும் ஏறவில்லை, எங்கே தவறு?

யீஷூன்_மாடி | திங்கள், இரவு 9.12

வணக்கம். சிங்கப்பூரில் வீட்டில் வைத்திருக்கும் 3 அடிக் கடல்நீர்ப் பவளத் தொட்டி (90 × 45 × 45 செ.மீ.), கீழே சம்ப் (துணைத் தொட்டி). கல், மணல் போக நீர் 200 லிட்டர். நிரப்பும்போது வாளிக் கணக்கில் அளந்தது. சில்லர் (நீர் குளிரூட்டி) 26 டிகிரியில். பவளங்கள்: அக்ரோபோரா, மாண்டிபோரா துண்டுகள் எட்டு, ஒரு ஹேமர், ஒரு டார்ச்.

நேற்றைய அளவுகள்: கால்சியம் 480 பி.பி.எம். (பத்து லட்சத்தில் ஒரு பங்கு), கேஹெச் (ஆல்கலினிட்டி, டி.கே.எச். அலகில்) 6.4, மெக்னீசியம் 1150, நைட்ரேட் 25 (இரண்டு மாதத்துக்கு முன் 5), பாஸ்பேட் 0.08, உப்பு 35 பி.பி.டி. (ஆயிரத்தில் ஒரு பங்கு), பி.ஹெச். காலையில் 7.75.

வீட்டில் கலக்கிய இரு பாகக் கரைசல் (ஒன்று கால்சியம், ஒன்று ஆல்கலினிட்டி), இரண்டும் தினம் 20 மி.லி. சமமாகப் போகிறது. கேஹெச் இறங்கியதால் பத்து நாளாக அதை ஏற்றும் பஃபர் தூளும் சேர்க்கிறேன். இரவில் ஏறுகிறது, மறுநாள் பழைய இடத்துக்கே வந்துவிடுகிறது. சம்ப் நீரை மேலே ஏற்றும் ரிட்டர்ன் பம்ப்பைக் கழற்றினால், அதன் சுழலும் இம்பெல்லரில் வெள்ளையாகச் சுரண்டி எடுக்கும் அளவுக்குப் படிவு. கால்சியத்தை எப்படி இறக்குவது?

தெளிவுநீர் | திங்கள், இரவு 10.05

கால்சியத்தை இறக்க எதுவும் செய்யாதீர்கள் தம்பி. கணக்கு சரியானால் பவளமே அதை இறக்கிவிடும்.

பவளம் எலும்புக்கூடு கட்டும்போது கால்சியத்தையும் கார்பனேட்டையும் ஒரே விகிதத்தில்தான் எடுக்கிறது. 1 டி.கே.எச். குறைந்தால் கூடவே ஏறக்குறைய 7 பி.பி.எம். கால்சியம் குறையும். 2.8-க்கு 20 என்று நினைவில் வைத்தாலும் அதே கணக்குதான். ஒரு நாளில் 1.4 டி.கே.எச். குடிக்கிற தொட்டியில் கால்சியம் 10 மட்டுமே இறங்கும். 8-ல் 1.4 போனால் பவளத்துக்குத் தெரியும். 420-ல் 10 போனால் அளக்கும் கிட்டுக்கே தெரியாது. அதனால் கேஹெச்சைத் தினமும் ஒரே நேரத்தில் பாருங்கள். கால்சியம் வாரம் ஒருமுறை, மெக்னீசியம் மாதம் ஒருமுறை போதும்.

இங்கே ஒரு சொல் குழப்பமும் உண்டு. ஆல்கலினிட்டியைத் தமிழில் காரத்தன்மை என்று எழுதுகிறோம். பலர் அதை பி.ஹெச். என்று எடுத்துக்கொண்டு, பி.ஹெச். குறைந்தால் பஃபர் போடுகிறார்கள். ஆல்கலினிட்டி என்பது நீரில் உள்ள பைகார்பனேட், கார்பனேட் கையிருப்பு. பி.ஹெச். அந்தக் கையிருப்போடு, நீரில் எவ்வளவு கார்பன் டை ஆக்சைடு கரைந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. உங்கள் 7.75 பெரும்பாலும் அறைக் காற்றின் வேலை. அதற்குப் பிறகு வருவோம்.

இரண்டு பாகமும் சமமாகப் போகும்போது ஒன்று ஏறி ஒன்று இறங்குகிறது என்றால், ஒன்று பாட்டிலில் தவறு, அல்லது அளவையில் தவறு, அல்லது இரண்டிலும். மூன்று கேள்விகள். உப்பு அளக்கும் ரிஃப்ராக்டோமீட்டரை எதை வைத்துச் சரிபார்த்தீர்கள்? ஆல்கலினிட்டி பாட்டிலில் போட்டது என்ன தூள், லிட்டருக்கு எத்தனை கிராம்? அந்தப் பாட்டிலின் அடியில் வெள்ளையாக மண்டி நிற்கிறதா?

பிடோக்_ரீஃப் | திங்கள், இரவு 10.31

நைட்ரேட்டையும் விட்டுவிடக்கூடாது. அம்மோனியா நைட்ரேட்டாக மாறும்போது அமிலம் உண்டாகும், அது ஆல்கலினிட்டியைத் தின்னும். 50 பி.பி.எம். நைட்ரேட் சேர்ந்தால் ஏறத்தாழ 2.3 டி.கே.எச். போகும். இவருக்கு 20 கூடியிருக்கிறது, ஆக 0.9. இந்த இழப்பில் கால்சியம் துளியும் குறையாது, அதனால் சமமாகப் போடும் தொட்டியில் கேஹெச் மட்டும் பின்தங்கும். நைட்ரேட்டை பாக்டீரியா நைட்ரஜனாக்கி வெளியேற்றினால் அந்த ஆல்கலினிட்டி திரும்பி வரும்.

யீஷூன்_மாடி | செவ்வாய், இரவு 8.20

ரிஃப்ராக்டோமீட்டரை ஆர்.ஓ. (சவ்வில் வடிகட்டிய) தண்ணீரில் 0 வைத்துத்தான் பயன்படுத்தினேன். இன்று 35 பி.பி.டி. சரிபார்ப்புக் கரைசல் வாங்கிச் சொட்டினேன்: 32 காட்டுகிறது.

ஆல்கலினிட்டி பாட்டில்: பேக்கிங் சோடா 100 கிராம், 1 லிட்டர். குறிப்பில் சோடா ஆஷ் (சோடியம் கார்பனேட்) 100 கிராம் என்று இருந்தது, இரண்டும் ஒன்றுதான் என்று நினைத்தேன். ஆமாம் அண்ணே, அடியில் மண்டி இருக்கிறது. கால்சியம் பாட்டில்: கால்சியம் குளோரைடு டைஹைட்ரேட் 140 கிராம், 1 லிட்டர். அது கண்ணாடி மாதிரித் தெளிவு.

தெளிவுநீர் | செவ்வாய், இரவு 9.02

இரண்டு தவறும் அகப்பட்டுவிட்டது.

முதலில் பாட்டில். 100 கிராம் சோடா ஆஷில் இருக்கும் ஆல்கலினிட்டியில் 63 சதவீதம்தான் 100 கிராம் பேக்கிங் சோடாவில் இருக்கிறது. அதோடு அறை வெப்பத்தில் ஒரு லிட்டரில் பேக்கிங் சோடா 100 கிராம் அளவில்தான் கரையும், விளிம்பில் நிற்கும் கரைசல். அதுதான் அந்த மண்டி. சோடா ஆஷ் அதே எடைக்குச் சுத்தமாகக் கரைந்துவிடும். 20 மி.லி. போடும்போது உங்கள் தொட்டிக்கு கால்சியம் 3.8 பி.பி.எம். போயிருக்கிறது. அதற்கு ஈடாக 0.53 டி.கே.எச். போக வேண்டும், போனது அதிகபட்சம் 0.33. தினம் 1.4 பி.பி.எம். கால்சியம் உபரியாக நின்றிருக்கிறது, மாதத்துக்கு 40-க்கு மேல்.

அடுத்தது உப்பு. கருவி 3 குறைத்துக் காட்டுவதால் உங்கள் 35 உண்மையில் 38. உப்பு கூடினால் எல்லா அயனியும் அதே விகிதத்தில் கூடும், அதனால் எல்லா அளவையும் 35/38 ஆல் பெருக்கிப் பாருங்கள். கால்சியம் 480 இல்லை, 442. கேஹெச் 5.9. மெக்னீசியம் 1060. கூடுதலாகத் தெரிந்தது கிட்டத்தட்டச் சரியான இடத்துக்கு வந்துவிட்டது, குறைவாகத் தெரிந்தது இன்னும் மோசம். கால்சியத்தை இறக்கப் போயிருந்தால் எங்கே போய் நின்றிருக்கும் என்று பாருங்கள்.

இம்பெல்லர் படிவுக்கும் இதுதான் காரணம். கால்சியம் கார்பனேட் படிகம் வளர வரும்போது மெக்னீசியம் அதன் மேற்பரப்பில் புகுந்து வளர்ச்சியைத் தடுக்கும். 1060-ல் அந்தத் தடுப்பு பலவீனம். அந்த நேரத்தில் பஃபர் தூளைச் சம்பில் கொட்டினால் கொட்டிய இடத்தில் கார்பனேட் குவிந்து, பம்ப்பின் சூடான பாகத்தில் சுண்ணாம்பாக உட்காரும். உட்கார்ந்த படிகம் அடுத்த படிகத்துக்கு விதை. நீங்கள் போட்ட பஃபர் பவளத்துக்குப் போகவில்லை, பம்ப்புக்குப் போனது.

ஜூரோங்_மேற்கு | செவ்வாய், இரவு 9.40

சரிசெய்யும் வரிசை இதுதான், மாற்றிச் செய்யாதீர்கள்.

உப்பு: தொட்டி நீரில் 16 லிட்டரை எடுத்துவிட்டு ஆர்.ஓ./டி.ஐ. நீர் (அயனியும் நீக்கிய தூய நீர்) ஊற்றினால் 38, 35 ஆகும். ஒரே நாளில் வேண்டாம், நாளுக்கு 4 லிட்டராக நான்கு நாள்.

மெக்னீசியம்: 1060-லிருந்து 1300-க்கு 240 கூட்ட வேண்டும். 200 லிட்டருக்கு 48 கிராம் மெக்னீசியம். மெக்னீசியம் குளோரைடு ஹெக்ஸாஹைட்ரேட்டில் 12 சதவீதம்தான் மெக்னீசியம், ஆகவே 400 கிராம் உப்பு. நாளுக்கு 80 கிராம் வீதம் ஒரு லிட்டர் ஆர்.ஓ. நீரில் கரைத்து, நீரோட்டம் பலமான இடத்தில் மெல்ல ஊற்றுங்கள், ஐந்து நாள். இது ஓரளவு ஏறும்வரை ஆல்கலினிட்டியை வேகமாக ஏற்றாதீர்கள்.

ஆல்கலினிட்டி: புதிய பாட்டில் கலக்குங்கள், சோடா ஆஷ் 100 கிராம், மொத்தம் 1 லிட்டர் வரும்படி. அது 100 லிட்டருக்கு 19 மி.லி. போட்டால் 1 டி.கே.எச். ஏற்றும். 5.9-லிருந்து 7.8-க்கு உங்களுக்கு 72 மி.லி. தேவை. தினசரித் தேவைக்கு மேல் நாளுக்கு 18 மி.லி., நான்கு நாள். ஒரு நாளில் அரை டி.கே.எச்.சுக்கு மேல் ஏற்றினால் அக்ரோபோரா நுனி வெளுக்கும்.

கால்சியம்: நிறுத்திவிடுங்கள். 442-லிருந்து 420-க்கு இறங்க ஒரு வாரம் போதும். அப்புறம் இரண்டையும் சம அளவில் தொடங்கலாம்.

இம்பெல்லர்: பாதி வினிகர், பாதி தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைத்து, நன்றாக அலசி மாட்டுங்கள்.

பவளக்கொடி | செவ்வாய், இரவு 10.15

மருந்து போடும் முன்னால் கிட்டைச் சோதித்துவிடுங்கள். சுத்தமான பேக்கிங் சோடா 2.4 கிராமை ஆர்.ஓ./டி.ஐ. நீரில் கரைத்துச் சரியாக 1 லிட்டர் ஆக்குங்கள். அதிலிருந்து 100 மி.லி. எடுத்து மறுபடி 1 லிட்டராக்கினால் அது 8.0 டி.கே.எச். நீர். உங்கள் கிட் அதை 7.4 என்று காட்டினால், உங்கள் கிட்டில் 7.4 என்பதுதான் 8. சமையல் தராசு போதாது, 0.1 கிராம் காட்டும் சிறு தராசாவது வேண்டும்.

சாலிஃபெர்ட் கேஹெச் கிட்டில் நீலப்பச்சை போய் ஆரஞ்சு கலந்த சிவப்பு வந்து நிலைக்கும் இடம்தான் முடிவு. இடையில் சாம்பல் மாதிரி ஒரு நிறம் வரும், அங்கே நிறுத்துபவர்களுக்குத்தான் அளவு குறைந்து வருகிறது. ஒவ்வொரு துளிக்கும் சுழற்றிவிட்டு, வெள்ளைத் தாளின் மேல் வைத்துப் பாருங்கள். சிரிஞ்ச் முனையில் காற்றுக்குமிழி இருப்பது பரவாயில்லை, பிஸ்டனின் கறுப்பு விளிம்பைத்தான் படிக்க வேண்டும்.

ஹன்னா கேஹெச் செக்கர் கருவி என்றால் கண்ணாடிக் குப்பியில் கைரேகை, கீறல் எதுவும் கூடாது. ஹன்னா கால்சியம் செக்கரில் கவனம் இன்னும் அதிகம்: 0.1 மி.லி. மாதிரிதான் எடுக்கிறது, முனையில் ஒட்டிய ஒரு துளி பத்து சதவீதப் பிழை, அதாவது 40-50 பி.பி.எம். கால்சியத்தை மூன்று முறை அளந்து நடு அளவை எடுங்கள்.

யீஷூன்_மாடி | புதன், காலை 7.50

நன்றி அக்கா, இன்றிரவே செய்கிறேன். சோடா ஆஷ் எங்கே வாங்குவது? பேக்கிங் சோடா ஒரு கிலோ மீதம் கிடக்கிறது.

ஜூரோங்_மேற்கு | புதன், மதியம் 12.35

வாங்க வேண்டாம், அதையே சோடா ஆஷாக்கலாம். 160 கிராம் பேக்கிங் சோடாவை ஒரு தட்டில் மெல்லிய படலமாகப் பரப்பி, அவனில் 180 டிகிரியில் ஒரு மணி நேரம். நீராவியும் கார்பன் டை ஆக்சைடும் வெளியேறி எடை 63 சதவீதத்துக்கு வரும்: 160 வைத்தால் 101. தட்டோடு நிறுத்துப் பாருங்கள். 110 நின்றால் இன்னும் வேகவில்லை, கிளறிவிட்டு இன்னும் 20 நிமிடம். எடை நின்றுவிட்டால் ஆயிற்று. ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

ஃபேர்பிரைஸ் பேரங்காடியிலும் பேக்கிங் சாமான் கடையிலும் வாங்கும்போது பேக்கிங் சோடாவா, பேக்கிங் பவுடரா என்று பெயரைப் படித்து வாங்குங்கள். பேக்கிங் பவுடரில் மாவும் அமில உப்பும், பெரும்பாலும் பாஸ்பேட்டும் இருக்கும். தொட்டிக்குள் போகவே கூடாது.

கால்சியம் குளோரைடுக்கு நம் ஊர் ஈரக் காற்றே எதிரி. அலமாரியில் வைக்கும் ஈரம் உறிஞ்சும் பெட்டியைப் பார்த்திருப்பீர்கள், மேலே வெள்ளை உருண்டை, சில வாரத்தில் கீழே தண்ணீர். அந்த உருண்டையும் கால்சியம் குளோரைடுதான். திறந்த பையைக் கிளிப் போட்டு வைத்தால் அதே கதை: 140 கிராம் நிறுத்தாலும் அதில் ஒரு பங்கு தண்ணீர். வாங்கிய அன்றே முழுப் பையையும் கரைசலாக்கி விடுங்கள், கரைசல் கெடாது. அல்லது ரப்பர் விளிம்புள்ள டப்பா. அலமாரிப் பெட்டி உருண்டையைத் தொட்டியில் போடலாமா என்று யாரும் கேட்காதீர்கள், அதில் வேறு என்ன சேர்த்திருக்கிறது என்று உறையில் இருக்காது. கலக்கும்போது தண்ணீரில் தூளைப் போடுங்கள், தூளின் மேல் தண்ணீரை ஊற்றக்கூடாது. நன்றாகச் சூடாகும்.

எல்லாக் கரைசலுக்கும் ஆர்.ஓ./டி.ஐ. நீர், டி.டி.எஸ். (கரைந்திருக்கும் பொருளின் அளவு) 0. பொதுப் பயனீட்டுக் கழகக் குழாய்நீரில் குளோரமைன் இருக்கிறது, ஒரு நாள் திறந்து வைத்தாலெல்லாம் போகாது. ஆர்.ஓ. சவ்வுக்கு (மெம்பிரேன்) முன்னால் குளோரமைனுக்கென்று விற்கும் கார்பன் வேண்டும்.

பிடோக்_ரீஃப் | புதன், இரவு 8.44

இவ்வளவு சின்னத் தேவைக்கு இரு பாகமே தேவையில்லை என்பேன். பி.ஹெச். 7.75 இருக்கும் தொட்டிக்குச் சுண்ணாம்புத் தெளிவுதான் சரி. கால்சியம் ஹைட்ராக்சைடு லிட்டருக்கு 2 கிராம் போட்டுக் கலக்கி, மூடி, சில மணி நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் சொட்டாக விடுவது. கால்சியமும் ஆல்கலினிட்டியும் பவளம் எடுக்கும் அதே விகிதத்தில் போகும், பின்னால் உப்பு மிச்சம் இருக்காது, பி.ஹெச்.சும் ஏறும். 200 லிட்டருக்கு 1 லிட்டர் தெளிவு விட்டால் 0.57 டி.கே.எச்.

ஜூரோங்_மேற்கு | புதன், இரவு 9.10

தினம் ஒரு லிட்டர் ஆவியாகுமா என்பதுதான் கேள்வி. தெளிவு போகும் அளவு ஆவியாகும் அளவுக்கு மேல் போக முடியாது. மின்விசிறி வைத்துக் குளிரூட்டும் தொட்டியில் ஆவியாதல் அதிகம். சில்லர், மேலே மூடி, ஏர்கான் இல்லாத ஹால் என்றால் நம் ஊர் ஈரப்பதத்தில் மிகக் குறைவு. ஏ.டி.ஓ. (ஆவியான நீரைத் தானே ஈடுசெய்யும் கருவி) டப்பாவில் கோடு போட்டு ஒரு வாரம் அளந்துவிட்டுத்தான் முடிவெடுக்க வேண்டும். ஏ.டி.ஓ. சுவிட்ச் ஒட்டிக்கொண்டால் என்ன ஆகும் என்பதையும் சொல்லுங்கள்.

பிடோக்_ரீஃப் | புதன், இரவு 9.26

நியாயமான கேள்வி. தெளிவின் பி.ஹெச். 12.4. பத்து லிட்டர் ஒரே மூச்சில் போனால் 5.7 டி.கே.எச். ஏறி, பி.ஹெச். 9 தாண்டி, நீர் பாலாக வெளுக்கும். அதனால் ஏ.டி.ஓ. பம்ப்பில் விடக்கூடாது. டோசிங் பம்ப்பில் (குறித்த அளவை மட்டும் விடும் பம்ப்) இரவு 10 முதல் காலை 8 வரை பத்துப் பத்து நிமிடத்துக்குச் சிறிது சிறிதாக, டப்பாவில் இரண்டு நாளுக்கு மேல் நிரப்பாமல். வெற்றிலைச் சுண்ணாம்பு வேண்டாம், தூய்மை தெரியாது. உணவுத் தரத் தூள் வாங்குங்கள். டப்பாவை இறுக மூட வேண்டும். பள்ளிக்கூடத்தில் ஊதிப் பார்த்த சுண்ணாம்புநீர் வெளுத்த மாதிரி, காற்றுப் பட்டால் கார்பனேட்டாகி மேலே ஏடு கட்டி, வீரியம் போய்விடும்.

தெளிவுநீர் | புதன், இரவு 10.02

இருவர் சொல்வதும் சரி. இந்தத் தொட்டிக்கு என் முடிவு: இப்போது சோடா ஆஷ் இரு பாகம், ஏனென்றால் ஏற்றத்தாழ்வைச் சரிசெய்ய ஒன்றை மட்டும் தனியாகப் போடும் வசதி வேண்டும். சுண்ணாம்புத் தெளிவில் அந்த வசதி இல்லை, அது இரண்டையும் சேர்த்தே ஏற்றும். சமநிலை வந்தபின் ஆவியாதலை அளந்து தெளிவுக்கு மாறலாம், குறைந்ததை இரு பாகம் ஈடுகட்டும்.

இரு பாகத்தில் உப்பு ஏறும் என்பதையும் கணக்கில் வையுங்கள். கால்சியமும் கார்பனேட்டும் பவளத்துக்குப் போனபின் சோடியம் குளோரைடு நீரில் தங்கும். தினம் 1 டி.கே.எச். போட்டால் மாதத்துக்கு 0.6 பி.பி.டி. அதனால் நீர் மாற்றமும், 35 கரைசலில் மாதாமாதம் கருவிச் சரிபார்ப்பும் கட்டாயம்.

பி.ஹெச்.சுக்கு முதல் மருந்து காற்று. வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டில் ஜன்னலை மூடி ஏர்கான் போட்டு நாலு பேர் தூங்கினால் விடியற்காலையில் பி.ஹெச். தரையில் கிடக்கும். ஸ்கிம்மரின் (நுரையில் கழிவைப் பிரிக்கும் கருவி) காற்றுக்குழாயை ஜன்னலுக்கு வெளியே கொண்டுபோனாலே பெரும்பாலும் ஏறிவிடும். கொசுப்புகை அடிக்கும் நாளில் மட்டும் மறக்காமல் உள்ளே இழுத்துவிடுங்கள். அந்தப் புகை மருந்து இறால், நண்டு எதையும் விட்டுவைக்காது.

யீஷூன்_மாடி | வியாழன், இரவு 8.05

கிட் சோதனை முடிந்தது: 8.0 நீரை 7.9 என்று காட்டுகிறது. புதுப் பாட்டில் தெளிவாக நிற்கிறது. கடைசியாக இரண்டு சந்தேகம். கேஹெச் 7.8-ல் நிறுத்தவா, 9 வரை போகவா? நீர் மாற்ற என் ரீஃப் உப்பைக் கலக்கினால் கேஹெச் 11.5 வருகிறது. இயற்கைக் கடல்நீர் விற்கிறார்களே, அதற்கு மாறினால் இந்தத் தொல்லை குறையுமா?

பவளக்கொடி | வியாழன், இரவு 8.50

7-லிருந்து 9 வரை எங்கே வைத்தாலும் வளரும். 9-ல் வளர்ச்சி வேகம், ஆனால் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் பூஜ்யத்தை ஒட்டினால் நுனி கருகும். நைட்ரேட்டைக் குறைக்கப் போகிறீர்கள் என்பதால் 7.8 பாதுகாப்பு. நாளுக்கு நாள் 0.3-க்குள் நிற்கிறதா என்று மட்டும் பாருங்கள்.

11.5 உப்பில் 10 சதவீத நீர் மாற்றினால் 7.8, 8.2 ஆகும். 20 சதவீதம் என்றால் 8.5. பத்தோடு நிறுத்துங்கள், அன்று ஆல்கலினிட்டி டோசைப் பாதியாக்குங்கள். அடுத்த வாளி வாங்கும்போது 8-ஐ ஒட்டி வரும் உப்பாகப் பாருங்கள்.

ஜூரோங்_மேற்கு | வியாழன், இரவு 9.15

கடல்நீர் நல்லதுதான், ஆனால் நம் நீரிணையின் உப்பு 35 இல்லை, மழையையும் ஆற்றுநீரையும் பொறுத்து 30-ஐ ஒட்டித்தான் இருக்கும். 31 என்றால் கால்சியம் 365, மெக்னீசியம் 1140 அளவில்தான் வரும். அளந்து, ரீஃப் உப்பு சேர்த்து 35-க்குக் கொண்டுவந்து, ஒரு நாள் பம்ப் போட்டுச் சுழலவிட்டு, அப்புறம் மாற்றுங்கள்.

டோசிங் நேரம்: ஆல்கலினிட்டியை இரவில் ஆறு முறையாகப் பிரியுங்கள், கால்சியத்தைப் பகலில். இரண்டும் ஒரே நேரத்தில் ஒரே இடத்தில் விழவே கூடாது. குழாய் முனை நீருக்கு மேல் இரண்டு விரல் தள்ளி நிற்கட்டும். சோடா ஆஷ் குழாய் முனையில் உப்பு கட்டி அடைக்கும், வாரம் ஒருமுறை துடையுங்கள். டோசரின் உள்குழாய் தளரும், மாதம் ஒருமுறை 50 மி.லி. போடச் சொல்லி அளவுக் குடுவையில் பிடித்துப் பாருங்கள்.

தெளிவுநீர் | வியாழன், இரவு 9.48

இதையெல்லாம் முடித்தபின், இரண்டு டோசும் நிறுத்திய ஒரு நாளில் இரவு 8 மணிக்கு ஒரு முறை, மறுநாள் இரவு 8 மணிக்கு ஒரு முறை கேஹெச் பாருங்கள். 7.8 இருந்து 7.3 ஆனால் உங்கள் பவளம் ஒரு நாளில் 0.5 எடுக்கிறது, அதற்கு ஒவ்வொன்றும் 19 மி.லி. அக்ரோபோரா துண்டுகள் கல்லில் கவிந்து பரவத் தொடங்கும்போது இந்த எண் ஏறும். அப்போது மறுபடி இதே சோதனை, கால்சியத்தையும் கேஹெச்சையும் சம மி.லி. கூட்டுங்கள்.